சனி, ஞாயிறு மட்டும் நேரம் உள்ள கல்லூரிப் பிள்ளைகள்: எந்தத் தொண்டு வேலைக்குக் கைகொடுக்கும்?

ரஸ்தாக்காரன்:

தேவகோட்டை, காரைக்குடிப் பக்கம் படிக்கிற 11 பேருக்காகக் கேட்கிறேன். நாலு பேர் பி.காம்., மூணு பேர் பி.எஸ்சி. கணினி, ரெண்டு பேர் வரலாறு, ஒருத்தர் சிவில் டிப்ளமோ, ஒரு பொண்ணு நர்சிங். சனிக்கிழமை மதியத்துக்கு மேலும் ஞாயிறு காலையும்தான் நேரம். ஆளுக்கு வாரம் நாலு மணி தேறும். லேப்டாப் நாலு பேரிடம் இருக்கிறது, மற்றவர்களிடம் போன் மட்டும். பஸ் செலவுக்கு மேல் யாரும் கைக்காசு போட முடியாது.

மரக்கன்று நட்டு, பேனர் பிடித்து, போட்டோ எடுத்துக் கலைகிற ரகம் வேண்டாம். ஆறு மாதத்தில் ஆளுக்கு ஒரு வேலையாவது கையில் நிற்க வேண்டும். எந்தப் படிப்புக்கு என்ன வேலை பொருந்தும்? சான்றிதழ் யாரிடம் வாங்குவது? ரெஸ்யூமேயில் இதை எப்படி எழுதுவது? “ஓசி வேலை பார்க்கவா படிக்க வைத்தோம்” என்று வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

முதலில் நேரக் கணக்கைப் பார்த்துவிடுவோம் தம்பி. வாரம் 4 மணி, 26 வாரம் என்றால் 104 மணி. செமஸ்டர், தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் எல்லாம் போக 75 மணிதான் மிஞ்சும். அதற்குள் ஒருவர் ஒரு வேலையைத்தான் உருப்படியாக முடிக்க முடியும். எனவே பதினொரு பேரையும் ஒரே இடத்தில் குவிக்காதீர்கள்.

பி.காம். நாலு பேரையும் ஒரு அன்னதானக் குழுவில் சேர்த்துவிடுங்கள். நம் பக்கம் ஊருக்கு ஒன்று இருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர் பாலன்ஸ் ஷீட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார், ஆனால் ஒரு வவுச்சர் (செலவுச் சீட்டு) எழுதச் சொன்னால் முழிப்பார். அந்த இடைவெளியை அடைக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஒருவர் ரசீது, ஒருவர் ரொக்கம், ஒருவர் சரக்கு, ஒருவர் வங்கி. பணம் வாங்குகிற கையும் கணக்கு எழுதுகிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. பாடப் புத்தகத்தில் உள்கட்டுப்பாடு என்று படிப்பது இதைத்தான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை பொறுப்பை மாற்றிக்கொண்டால் நாலு பேருக்கும் நாலும் தெரியும்.

ரசீதுப் புத்தகத்தை யாரிடமாவது கொடுக்கும்போது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கெட்டுப்போன ரசீதைக் கிழித்தெறியக் கூடாது. குறுக்கே ‘ரத்து’ என்று எழுதி அடிக்கட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வருஷக் கடைசியில் அந்த ஒரு எண்ணுக்கு ஊரே பதில் சொல்ல வேண்டிவரும்.

சில்லறைச் செலவுக்கு 2,000 ரூபாய் நிலையான முன்பணம் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எண்ணினாலும் வவுச்சர் மொத்தமும் கையிருப்பும் கூட்டி 2,000 வர வேண்டும். வவுச்சர் 1,340 என்றால் டப்பாவில் 660. ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்றைக்கே தேடிவிடுங்கள், அடுத்த ஞாயிறு வரை விட்டால் கிடைக்காது.

அதிகம் தவறு நடப்பது சமையல்காரர் முன்பணத்தில். அட்வான்ஸ் 5,000 கொடுத்த அன்று செலவு என்று எழுதிவிடுவார்கள். பிறகு முழு பில் 18,000 வந்ததும் அதையும் செலவு என்று எழுதுவார்கள். செலவு 23,000 ஆகி நிற்கும். முன்பணம் அவரிடம் இருக்கிற நம் பணம். பில் வந்த பிறகுதான் அது செலவாகும். இன்னொன்று யுபிஐ. யாரோ ஒருவருடைய சொந்த எண்ணுக்கு நன்கொடை வந்தால் கணக்கு அன்றைக்கே கெட்டது. குழுவின் வங்கிக் கணக்கோடு இணைந்த கியூஆர் மட்டும்தான் இருக்க வேண்டும். வரிச்சலுகை உள்ள அமைப்பாக இருந்தால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

சரக்குக் கணக்குதான் இதில் சுவாரசியமானது. நூறு பேர் சாப்பாட்டுக்கு அரிசி 10 முதல் 12 கிலோ என்று வைத்தால் 500 பேருக்கு 50 முதல் 60. அதாவது 25 கிலோ சிப்பம் மூன்று எடுத்து, கடைசிச் சிப்பத்தில் மீதி வைக்க வேண்டும். மதிப்பீடு, எடுத்தது, திரும்பியது, உண்மையில் செலவானது, சாப்பிட்டவர் எண்ணிக்கை (இலையை எண்ணினால் போதும்) என்று ஐந்து கட்டம் போட்டு ஆறு விசேஷத்துக்கு எழுதிப் பாருங்கள். பிரதோஷக் கூட்டம் எவ்வளவு, கிருத்திகைக் கூட்டம் எவ்வளவு என்று உங்கள் தாளே சொல்லும். நேர்காணலில் அந்த ஒரு தாளை எடுத்துப் போட்டால் அரைமணி நேரம் பேசலாம்.

பழுப்பேடு:

வரலாறு மாணவர்களும் போன் மட்டும் இருப்பவர்களும் தமிழ் விக்கிமூலத்தை (பழைய நூல்களை எல்லோரும் சேர்ந்து எழுத்தாக்கும் இணைய நூலகம்) பாருங்கள். ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் படம் ஒரு பக்கம், எந்திரம் படித்த எழுத்து இன்னொரு பக்கம். இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்துவதுதான் வேலை. திருத்தப்படாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்தினால் மஞ்சள், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சை. நீங்கள் திருத்தியதை நீங்களே பச்சையாக்க முடியாது. அதனால் இரண்டு பேராகச் சேருங்கள், ஒருவர் பக்கத்தை மற்றவர் பார்க்கட்டும். ஒரு பக்கத்துக்கு ஆரம்பத்தில் இருபது நிமிடம் பிடிக்கும், கை பழகினால் பத்து.

எந்திரம் வழுக்கும் இடங்கள் தெரிந்தால் வேகம் வரும். துணைக்காலும் ‘ர’வும் ஒன்றாகத் தெரியும். ‘ஔ’வை ஒகரமும் ளகரமுமாக இரண்டு எழுத்தாக எடுத்துக்கொள்ளும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சில் ணை, லை, ளை, னை நாலும் தும்பிக்கை போட்டு இருக்கும். ணா, றா, னா மூன்றும் சுழித்து இருக்கும். அவற்றை எந்திரம் வேறு ஏதாவதாகப் படித்து வைத்திருக்கும். பழைய புத்தகத்தின் நடையைத் திருத்த உங்களுக்கு அதிகாரம் இல்லை. ‘அச்சியற்றினார்’ என்று இருந்தால் அப்படியேதான் இருக்க வேண்டும். படித்த பிள்ளைகள் செய்கிற முதல் தவறு இதுதான், ஆசிரியரையே திருத்திவிடுவார்கள்.

எந்தப் புத்தகத்தையும் ஏற்றிவிட முடியாது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்திருக்க வேண்டும், அல்லது நாட்டுடைமை ஆனதாக, பொது உரிமத்தில் தரப்பட்டதாக இருக்க வேண்டும். புதியவர்கள் ஏற்கெனவே அங்கே சிவப்பாகக் கிடக்கிற நூலை எடுத்துக்கொள்வது நல்லது.

இதில் ஒரு லாபம், சான்றிதழுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டாம். உங்கள் பயனர் பெயரில் எந்தத் தேதியில் எந்தப் பக்கத்தில் என்ன மாற்றினீர்கள் என்பது எல்லோரும் பார்க்கும்படி அங்கேயே இருக்கும். பதிப்பகம், செய்தித்தளம், மொழிபெயர்ப்பு நிறுவனம் எதற்கு விண்ணப்பித்தாலும் அந்த இணைப்பைக் கொடுத்தால் போதும். தமிழ்99 விசைப்பலகையை இதற்காகவே பழகிக்கொள்ளுங்கள். தினம் இருபது நிமிடம் என்று ஒரு மாதம் அடித்தால் விசையைப் பார்க்காமல் கை ஓடும்.

நம் ஊர் வீடுகளில் பரணில் கிடக்கிற காகிதம் இன்னொரு களம். கொண்டுவிற்ற (கடல் கடந்து போய்த் தொழில் செய்த) காலத்துப் பேரேடு, பர்மாவிலிருந்து வந்த கடிதம், கல்யாணப் பத்திரிகை என்று பெட்டி பெட்டியாக இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா வீட்டில் சேர்த்து வைத்ததுதான் 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. உங்கள் அளவில் ஒரு பெட்டி போதும். ஸ்கேன் செய்யும்போது எழுத்துக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி), புகைப்படத்துக்கு 600. கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கையுறை போட்டால் விரலுக்குத் தாளின் தடிப்பு தெரியாது, நுனி கிழியும். கிழிந்ததில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை சில வருஷத்தில் பழுத்து எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். ஓலைச்சுவடி வந்தால் எண்ணெய் தடவுகிற வேலையை நீங்கள் தொடவே வேண்டாம், பயிற்சி உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கோப்புக்குப் பெயர் ‘படம்1’, ‘புதுசு_கடைசி’ என்று வைத்தால் மூன்றாம் வாரம் தலை சுற்றும். ஊர், பெட்டி எண், உருப்படி எண், பக்கம்: கோட்டையூர்_02_017_003. மூன்று பிரதி, அதில் இரண்டு வெவ்வேறு சாதனத்தில், ஒன்று வேறு ஊரில். வீட்டுக்காரரிடம் எதை வெளியிடலாம், எதை வெளியிடக் கூடாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். கடன் பத்திரமும் சொத்து விவரமும் அதற்குள்தான் இருக்கும்.

இரண்டாம்கட்டு:

சிவில் டிப்ளமோ தம்பிக்கும் வரலாற்றுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒன்று சொல்கிறேன். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு அளவு எடுத்த ஒரு வரைபடம் கிடையாது. ஒரு வீட்டை முழுதாக அளந்து வரைந்தால் அது கட்டட அலுவலகம் எதிலும் காட்டக்கூடிய வேலை.

தேவையானவை 5 மீட்டர் டேப், 30 மீட்டர் டேப், கிராஃப் தாள், அட்டை, கொத்தனார் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்). முதலில் கண்ணளவில் படம் போட்டு அறைக்கு எண் கொடுங்கள். அளக்கும்போது மூன்று பேர். ஒருவர் டேப்பின் பூஜ்ய முனையைப் பிடிப்பார், ஒருவர் படிப்பார், எழுதுபவர் கேட்ட எண்ணைத் திரும்பச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். ‘ஆறு முப்பது’ 6.30 மீட்டரா 6.03ஆ என்ற குழப்பம் அப்போதே தீரும்.

வளவில் (நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்) தூண்களுக்கு இடையே ஒவ்வொன்றாக அளக்காதீர்கள். ஓர் இடைவெளிக்கு 5 மில்லிமீட்டர் பிசகினால் பன்னிரண்டு இடைவெளிக்கு 60 மில்லிமீட்டர் ஆகி, கடைசித் தூண் வரைபடத்தில் சுவருக்குள் போய் நிற்கும். பூஜ்யத்தை மூலையில் நிறுத்தி, டேப்பை எடுக்காமல் ஒவ்வொரு தூணின் தூரத்தையும் அதே டேப்பில் படித்துக்கொண்டே போங்கள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டமும் எடுக்க வேண்டும். நீளம் அகலம் மட்டும் எடுத்தால் எல்லா அறையும் காகிதத்தில் செவ்வகமாக வந்துவிடும், நேரில் அப்படி இருக்காது. டேப் பத்து மீட்டருக்கு மேல் போனால் நடுவில் தொய்யும், ஓர் ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். முகப்புத் திண்ணை, பட்டாலை, வளவு வாசல் எல்லாம் வேறு வேறு மட்டத்தில் இருப்பதால் டியூப் லெவல் இல்லாமல் குறுக்குவெட்டு வராது. குழாயில் ஒரு காற்றுக் குமிழ் நின்றாலும் மட்டம் பொய் சொல்லும். தண்ணீரை ஒரு முனையிலிருந்து மெதுவாக நிரப்பி, இரண்டு முனையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

30 மீட்டர் நீள வீடு 1:100 அளவையில் 30 சென்டிமீட்டர், ஏ3 தாளில் அடங்கும். தெருவிலிருந்து தெரு வரை ஓடுகிற பெரிய வீட்டுக்கு இரண்டு தாள் வேண்டும்.

அனுமதிதான் இதில் பெரிய வேலை. இந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவாக இருக்கும். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் போதாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பங்குக்காரர்களிடமும் சொல்லி, ஒருவர் வாட்ஸ்அப்பில் ‘சரி’ போட்டாலும் அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத வீட்டின் உள்படம், கதவுச் சிற்பம், பூட்டு இருக்கும் இடம் எதையும் சமூக வலைத்தளத்தில் போடக் கூடாது. நிலைக்கதவும் தூணும் பெயர்ந்து போவது அப்படித்தான் தொடங்கும்.

வரலாற்றுப் பிள்ளைகள் அதே வீட்டு ஆச்சியிடம் பேசிப் பதிவு செய்யட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள், துணி மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். முதல் அரை நிமிடத்தில் தேதி, ஊர், பேசுபவர் சம்மதம். முக்கால் மணிக்கு மேல் நீட்டாதீர்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி பிடிக்கும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். இல்லாவிட்டால் பதிவுகள் குவியும், எழுத்து ஒன்றும் இருக்காது.

நிரல்நெய்தல்:

கணினிப் பிள்ளைகள் மூன்று பேரும் ‘ஊருக்கு ஒரு ஆப்’ என்று கிளம்பப் போகிறார்கள். தடுத்து நிறுத்துங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு அதைப் பராமரிக்க ஆள் இருக்காது. ஊர் நூலகத்திலோ படிப்பகத்திலோ இருக்கிற புத்தகப் பட்டியலை ஒழுங்குபடுத்துவது சின்ன வேலையாகத் தெரியும், செய்துபார்த்தால்தான் ஆழம் தெரியும்.

ஒரே ஆசிரியர் ‘மு.வ.’, ‘மு. வரதராசன்’, ‘டாக்டர் மு.வ.’ என்று மூன்று பேராக இருப்பார். அவரை ஒருவராக்க ஒரு தனிப் பட்டியல் வேண்டும். அடுத்து, கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற ‘கொ’வை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாகவும் அடிக்கலாம். யூனிகோடில் இரண்டும் வேறு வேறு வரிசை. அதனால் ‘கொடி’ என்று தேடினால் பாதிப் புத்தகம் அகப்படாது. உள்ளிடும்போதே என்எஃப்சி (இரண்டையும் ஒரே குறியாக்கும் யூனிகோட் முறை) வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அகரவரிசை இன்னொரு பொறி. பைத்தானில் சாதாரணமாக வரிசைப்படுத்தினால் ‘அறம்’ முன்னால் வரும், ‘அலை’ பின்னால் வரும், ஏனென்றால் யூனிகோட் அட்டவணையில் றகரம் ரகரத்தை அடுத்து இருக்கிறது. நம் வரிசையில் லகரம்தான் முன்பு. னகரமும் நகரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். புள்ளி எழுத்தும் கடைசிக்குப் போகும். சரியான வரிசைக்கு நீங்களே ஒரு திறவு (எந்த எழுத்து முன், எது பின் என்று சொல்லும் சின்ன நிரல்) எழுத வேண்டும், முப்பது வரிக்குள் முடியும். அந்த முப்பது வரியைச் சோதனைகளோடும் தமிழில் ஒரு பக்க விளக்கத்தோடும் பொதுவில் போட்டால் ‘தமிழ்த் தரவு கையாளத் தெரியும்’ என்பதற்கு அதுதான் ஆதாரம். உறுப்பினர் பெயர், போன் எண் இருக்கிற கோப்பு மட்டும் தப்பித்தவறியும் பொதுவில் ஏறக் கூடாது. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது.

பறவை பிடிக்கும் என்றால் பொங்கல் விடுமுறையில் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் சேரலாம். குறைந்தது 15 நிமிடம் நின்று, அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எண்ணி இபேர்டில் (பறவைப் பதிவுக்கான இணையத்தளம்) ஏற்ற வேண்டும். வேட்டங்குடிச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டி அதை ஒட்டித்தான்.

கட்டுச்சோறு:

நர்சிங் படிக்கிற பிள்ளைக்குத் தைப்பூசப் பாதயாத்திரை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் போகிற வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தலும் முதலுதவிக் கொட்டகையும் இருக்கும். கார்த்திகையிலேயே ஒரு குழுவிடம் பேசிவைக்க வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம் அல்லது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்துகிற முதலுதவிப் பயிற்சியை அதற்குமுன் முடித்துவிடட்டும். கூடப் போகிற மற்றவர்களும் முடிப்பது நல்லது.

முக்கால்வாசி வேலை கால்தான். சின்னக் கொப்புளத்தை உடைக்காமல் கழுவி மூடிவிட வேண்டும். சர்க்கரை உள்ளவர் காலில் புண் இருந்தால் கட்டுப்போட்டு நடக்கவிடாதீர்கள், மருத்துவரிடம் அனுப்புங்கள். அவருக்கு வலி தெரியாது, பழனி போவதற்குள் புண் குழியாகிவிடும். உப்புச்சர்க்கரைப் பொட்டலத்தில் (ஓ.ஆர்.எஸ்.) ஒரு லிட்டருக்கானது உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. பொட்டலத்தைப் படிக்காமல் ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு ஏறி வாந்தி கூடும். நினைவில்லாமல் கிடப்பவர் வாயில் சோடாவோ சர்க்கரைத் தண்ணியோ ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போகும். வெயிலில் மயங்கியவர் குழறிப் பேசினால் உடனே 108, அது வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். மூச்சும் அசைவும் இல்லை என்றால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சழுத்தம்: நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், பயிற்சி பெற்றவர் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு.

மாத்திரை கொடுப்பது தொண்டர் வேலை இல்லை. நர்சிங் இரண்டாம் வருஷம் என்றாலும் இல்லை.

நேரம், வயது, என்ன தொந்தரவு, என்ன செய்தோம், எங்கே அனுப்பினோம் என்று ஒரு நோட்டு போடுங்கள். பெயர் தேவையில்லை. நாலு மணிக்கு ஒரு முறை ஆள் மாறும்போது பத்து நிமிடம் அந்த நோட்டைப் பார்த்துப் பேசி ஒப்படைக்க வேண்டும். ஆஸ்பத்திரி நேர்காணலில் இதைத்தான் கேட்பார்கள். இரவில் நடப்பவர்களைச் சாலையின் வலப்பக்கம், எதிரே வருகிற வண்டி கண்ணில் படும்படி நடக்கச் சொல்லி, முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுங்கள்.

வடிகட்டி:

மேலே சொன்னவர்கள் வேலையைச் சொல்லிவிட்டார்கள். விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கிறவர் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன்.

சான்றிதழ் பின்னால்தான் வரும். முதல் நாளிலிருந்து ஒரு நாட்குறிப்பு இருக்க வேண்டும்: தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, செய்தது, எண்ணிக்கை, வந்த சிக்கல். முடிவில் அதைக் காட்டித்தான் கடிதம் கேட்க வேண்டும். கடிதத்தில் உங்கள் பெயர், எந்தத் தேதி முதல் எது வரை, மொத்த மணி, குறிப்பான பொறுப்பு, கையெழுத்திட்டவர் பதவி, விசாரிக்க ஒரு போன் எண் இருந்தால் போதும். தங்க பார்டரும் ‘சிறந்த சேவை’யும் எங்களுக்கு வேண்டாம். பதிவு பெற்ற சங்கமாக இருந்தால் பதிவு எண்ணையும் போடச் சொல்லுங்கள். என்.எஸ்.எஸ்.ஸில் இருப்பவர்கள் இரண்டு வருஷத்தில் 240 மணியும் ஏழு நாள் முகாமும் முடிப்பார்கள், அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அதே மணி நேரத்தை இங்கேயும் எழுதி இரட்டைக் கணக்குப் போடாதீர்கள், தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ரெஸ்யூமேயில் ‘சமூக சேவையில் ஆர்வம் உள்ளவர், குழுவாகச் செயல்படுவார்’ என்பதை யாரும் படிப்பதில்லை. ‘அன்னதானக் குழு, சில்லறை ரொக்கக் கணக்கு (தன்னார்வம்), 5 மாதம், 140 வவுச்சர், மாதாமாதம் வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்த்தது’ என்று எழுதுங்கள். எண் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்ணை நாட்குறிப்பிலிருந்து எடுங்கள். தன்னார்வம் என்ற சொல்லை மறைக்காதீர்கள். சம்பள வேலை மாதிரி காட்டிவிட்டு சம்பளச் சீட்டு கேட்டதும் விழிப்பவர்கள் நிறைய.

நேர்காணலில் நம் பிள்ளைகள் தோற்கிற இடம் ‘செஞ்சோம் சார், பண்ணினோம் சார்’. பணிவு நல்லதுதான், ஆனால் அதில் நீங்கள் எது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும். ஒன்றரை நிமிடம்: இடம் எப்படி இருந்தது, என் பொறுப்பு எது, நான் என்ன செய்தேன், இப்போது அங்கே என்ன மிஞ்சியிருக்கிறது. அடுத்து ‘என்ன சொதப்பியது?’ என்று கட்டாயம் கேட்போம். மேலே சொன்ன முன்பணக் கணக்கு, தூண் அளவு மாதிரி ஒன்றைக் காரணத்தோடு சொல்பவரை மறப்பதில்லை.

எதைச் செய்யக் கூடாது? காசு வாங்கிக்கொண்டு ‘இன்டர்ன்ஷிப் சான்றிதழ்’ தருகிற இடம் எதுவும் வேண்டாம். கடை, நிறுவனம் எதுவானாலும், சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய வேலைக்கு ‘அனுபவம் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை வந்துபோ’ என்றால் அது தொண்டு இல்லை, கூலி கொடுக்காத வேலை. முறையான தொழிற்பழகுநர் என்றால் 1961 சட்டப்படி உதவித்தொகை உண்டு. வீட்டில் ஓசி வேலை என்று கேட்டால் இந்த வித்தியாசத்தைச் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதப் போகிறவர்களுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள், இதற்கெல்லாம் அங்கே மதிப்பெண் கிடையாது. தேர்வுக்கு ஆறு மாதம் இருக்கும்போது படிப்பைவிட்டு இதில் இறங்க வேண்டாம்.

ரஸ்தாக்காரன்:

நன்றி, எல்லோருக்கும். பிரித்துவிட்டோம்: நாலு பேர் அன்னதானம், ரெண்டு பேர் விக்கிமூலம், மூணு பேர் நூலகப் பட்டியல், சிவில் தம்பி வீடு அளக்க (டேப் பிடிக்க மற்றவர்கள் முறைவைத்துப் போவார்கள்), நர்சிங் பாப்பா பாதயாத்திரை. ஒரு சிக்கல். சாமி காரியத்தில் பொடியன்கள் போய் ரொக்கக் கணக்கு கேட்டால் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். “எங்களை நம்பவில்லையா” என்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:

சுளிக்கத்தான் செய்வார்கள். ரொக்கத்தில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு மாதம் சரக்கு மட்டும்: அரிசி, பருப்பு, எண்ணெய், இலைக்கட்டு. “அண்ணே, மீந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறோம்” என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். இரண்டு விசேஷம் முடிந்ததும் எவ்வளவு அரிசி மிச்சமானது என்ற தாளைப் பொருளாளரிடம் கொடுங்கள், கூட்டத்தில் வைத்துக் கொடுக்காமல் தனியாக. ரசீது அடிக்கட்டையைச் சரிபார்க்க அவரே கூப்பிடுவார். ரொக்கம் கடைசியில்தான் வரும், வராமலும் போகலாம். சரக்கும் ரசீதும் மட்டுமே ரெஸ்யூமேக்குப் போதும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் கோயில் கணக்கு அலுவலகத்துடையது. நீங்கள் அன்னதானக் குழுவின் கணக்கோடு நின்றுகொள்ளுங்கள், உண்டியல் பக்கம் போகவே வேண்டாம்.

சரக்கு நோட்டைப் பென்சிலில் எழுதாதீர்கள். எண் தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்து, பழைய எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியான எண்ணும் சுருக்கொப்பமும் தேதியும். வெள்ளை மை கூடாது. பக்க எண்ணை முதல் நாளே நூறு வரை போட்டுவிடுங்கள்.

ரஸ்தாக்காரன்:

சரிங்கண்ணே. இந்த ஞாயிறு நோட்டு வாங்குகிறோம்.